பெட்டிக்குள் பூட்டிய பாண்டியன் காசு: உடைக்கலாமா, கூடாதா?

காசு என்றால் கையில் புழங்க வேண்டும். முந்தானை முடிச்சில், சுருக்குப் பையில், உண்டியலில் என்று எங்கே இருந்தாலும் எடுத்துப் பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும். அதைப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து, நான்கு பக்கமும் உருக்கி ஒட்டி, இனி யாரும் தொடவே முடியாது என்று ஆக்கிவிட்டால்?

நாணயம் சேகரிப்பவர்கள் இந்தப் பெட்டியை 'ஸ்லாப்' என்கிறார்கள். அமெரிக்காவில் 1986இல் பி.சி.ஜி.எஸ். நிறுவனமும் 1987இல் என்.ஜி.சி. நிறுவனமும் தொடங்கி வைத்த பழக்கம் இது. காசை அனுப்பினால் நிபுணர்கள் பார்த்து, அசலா போலியா என்று முடிவு செய்து, அதன் நிலைக்கு 1 முதல் 70 வரை ஒரு மதிப்பெண் போட்டு, பெட்டியில் அடைத்துத் திருப்பி அனுப்புவார்கள். பெட்டியின் மேலே காசின் பெயர், மதிப்பெண், ஒரு வரிசை எண். இரண்டு பாதிகளையும் மீயொலியால் உருக்கி இணைத்திருப்பதால் திறந்தால் திறந்தது தெரிந்துவிடும். நம்பிக்கையே அதில்தான் இருக்கிறது.

இந்த 70 எங்கிருந்து வந்தது என்று கேட்டால் கொஞ்சம் வேடிக்கை. வில்லியம் ஷெல்டன் என்பவர் 1949இல் அமெரிக்காவின் பழைய பெரிய செம்பு சென்ட் காசுகளுக்காக மட்டும் வகுத்த அளவு அது. மிக மோசமான காசுக்கு 1 என்றால் மிக நல்ல காசுக்கு 70 மடங்கு விலை என்பது அவர் கணக்கு. அந்த விலைக் கணக்கு சீக்கிரமே பொய்த்துப் போனது. எண் மட்டும் நிலைத்துவிட்டது!

மதுரைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? நிறைய இருக்கிறது.

மண்ணிலிருந்து வந்த காசு

மதுரையும் அதைச் சுற்றியுள்ள சமவெளியும் காசு விளைந்த பூமி. சங்ககாலப் பாண்டியரின் சதுரச் செம்புக் காசுகளில் முன்புறம் யானையும் சில சின்னங்களும், பின்புறம் கோடுகளால் ஆன மீனும் இருக்கும். பெருவழுதி என்று தமிழ் பிராமி எழுத்தில் பெயர் பொறித்த காசை நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி 1980களில் வெளியிட்ட பிறகுதான், சங்ககாலத் தமிழ் மன்னர்கள் தங்கள் பெயரிலேயே காசு அடித்தார்கள் என்ற பேச்சுக்கு வலு வந்தது. போடிநாயக்கனூரில் கிடைத்த வெள்ளி முத்திரைக் காசுக் குவியலிலும் பின்புறம் மீன் சின்னம் இருந்தது. மதுரையில் கிடைத்த தேய்ந்துபோன சின்னச் சின்ன ரோமானியச் செம்புக் காசுகளை வைத்து, இங்கே ரோமானியர் குடியிருப்பே இருந்திருக்கலாம் என்று ராபர்ட் சிவெல் 1904இல் எழுதினார். அதற்கும் முன்பு, 1880களில், திருமங்கலத்தில் இருந்த ஜே. ஈ. ட்ரேசி என்ற அமெரிக்க மிஷனரி பாண்டியர் காசுகளைப் பற்றிக் கட்டுரை எழுதியிருக்கிறார்.

இவர்கள் எல்லோருக்கும் பொதுவான ஒன்று உண்டு. காசைக் கையில் எடுத்தார்கள். திருப்பிப் பார்த்தார்கள். நிறுத்துப் பார்த்தார்கள்.

தேய்ந்துபோன தமிழ் பிராமி எழுத்தைப் படிப்பதற்கு வழி ஒன்றுதான். காசை விளிம்பில் பிடித்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் மெதுவாகச் சாய்த்துக்கொண்டே போக வேண்டும். ஒரு கோணத்தில் வெறும் மேடுபள்ளமாகத் தெரிவது இன்னொரு கோணத்தில் எழுத்தாக எழுந்து நிற்கும். பெட்டிக்குள் இருக்கும் காசில் வெளிச்சத்தைச் சாய்த்து அடித்தால் முதலில் பளபளப்பது பிளாஸ்டிக்தான். அதில் கீறல் வேறு இருந்துவிட்டால் தொலைந்தது!

எடை விஷயம் இதைவிட முக்கியம். கணித அறிஞரான டி. டி. கோசாம்பி 1940களின் தொடக்கத்தில் தட்சசீலத்தில் கிடைத்த வெள்ளி முத்திரைக் காசுகளை ஒவ்வொன்றாக நிறுத்தார். ஒரு காசு எத்தனை கை மாறுகிறதோ அந்த அளவுக்குத் தேய்ந்து எடை குறையும். ஆயிரக்கணக்கான காசுகளின் எடைக் குறைவைக் கணக்குப் போட்டு, எந்தக் காசு முந்தியது, எது பிந்தியது என்று அவர் வரிசைப்படுத்திக் காட்டினார். அந்தக் காசுகள் எல்லாம் பெட்டிக்குள் ஒட்டப்பட்டிருந்தால் ஒரு பெரிய வரலாற்று ஆராய்ச்சியே நடந்திருக்காது. இப்போது பழங்காசுப் பெட்டிகள் சிலவற்றில் எடையை அச்சிட்டுத் தருகிறார்கள். நல்லதுதான். எடை அச்சிடாத பெட்டி என்றால் வழியில்லை.

அடுத்தது விளிம்பு. இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் காசு மாலை உண்டு. பவுனும் ரூபாயும் வளையம் ஒட்டி மாலையாகக் கழுத்தில் தொங்கியவை. பின்னால் அந்த வளையத்தை எடுத்துவிட்டுத் தனிக் காசாக விற்றாலும் ஒட்டின தடம் விளிம்பில் இருக்கும். பழைய பெட்டிகளில் விளிம்பு முழுக்க வளையத்துக்குள் மறைந்துவிடும். பிறகு வந்த பெட்டிகளில் சில முனைகளில் மட்டும் பிடித்து மீதி விளிம்பைக் காட்டுகிறார்கள். ஆக, காசைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய பாதி சங்கதியை நிறுவனம் பார்த்துவிட்டது, வாங்கியவர் பார்க்க முடியாது! அவருக்குக் கிடைப்பது ஓர் எண் மட்டுமே.

செம்பில் களிம்பு

படிப்புக்காகத் திறப்பது ஒரு பக்கம் இருக்கட்டும். திறந்தே தீர வேண்டிய சந்தர்ப்பமும் உண்டு.

செம்போடு களிம்பு கூடப் பிறந்தது என்று சைவ சித்தாந்தம் உவமை சொல்லும். ஆற்று மணலிலும் வயல் மண்ணிலும் பல நூற்றாண்டு கிடந்த செம்புக் காசில் இரண்டு வகைப் பச்சை படியும். கெட்டியாக, கரும்பச்சையாக, வழவழப்பாகப் படிந்திருப்பது காசுக்குக் கவசம். அதைத் தொடக்கூடாது. இன்னொன்று வெளிர்பச்சைப் பொடி. தட்டினால் உதிரும், அடியில் குழி விட்டிருக்கும், சில வாரத்தில் மறுபடி பூக்கும். உலோகத்துக்குள் புகுந்த குளோரைடு உப்பு ஈரக் காற்றோடு சேர்ந்து செம்பை அரிக்கும் நோய் அது.

பெட்டிக்குள் அடைத்துவிட்டால் காசு பத்திரம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. இந்தப் பெட்டிகள் காற்றே புகாதவை அல்ல. ஐப்பசி, கார்த்திகை அடைமழை ஈரம் மெல்ல மெல்ல உள்ளே போகும். உள்ளே காசு பச்சையாகப் பூத்துக்கொண்டிருக்கும்போது வெளியே மதிப்பெண் மட்டும் அப்படியே பளிச்சென்று இருக்கும்! அச்சிட்ட எண்ணுக்கு மரியாதை கொடுத்து இரண்டாயிரம் வருடக் காசை அரிக்கவிடுவது என்ன நியாயம்?

பெட்டிக்கும் ஒரு நியாயம்

அதற்காகப் பெட்டி எல்லாமே ஏமாற்று வேலை என்று சொல்லிவிட முடியாது.

ஆறாம் ஜார்ஜ் படம் போட்ட 1939ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய் அரிதானது. விலையும் அதிகம். எனவே வேறு ஆண்டு ரூபாயில் கடைசி எண்ணைத் திருத்திச் செய்த போலிகளும் உண்டு. இப்படிப்பட்ட காசில், பல பேர் பார்த்து அசல் என்று முத்திரை குத்திய பெட்டிக்கு நிஜமான பயன் இருக்கிறது. பெட்டியை உடைத்த அந்த நிமிடமே அந்த உத்தரவாதம் போய்விடும். அடுத்து வாங்குபவர் முதலிலிருந்து சந்தேகப்படுவார். அதேபோல, கைபடாமல் அச்சகத்திலிருந்து நேராக வந்த பளபளப்பான காசுகளின் விலையே அந்த எண்ணில்தான் நிற்கிறது. அவற்றை உடைப்பவருக்கு நஷ்டம் நிச்சயம்.

பழங்காசுகளின் கதை வேறு. என்.ஜி.சி. அவற்றுக்கு 70 மதிப்பெண் முறையை முழுதாகப் பயன்படுத்துவதில்லை. அச்சு விழுந்த தரத்துக்கு 5, மேற்பரப்புக்கு 5 என்று தனித்தனியாகப் போடுகிறது. அசல் என்று தான் கருதும் காசைத்தான் பெட்டியிலிடுகிறது என்றாலும், புதுக் காசுக்குத் தருவது போன்ற உத்தரவாதத்தைப் பழங்காசின் அசல் தன்மைக்குத் தருவதில்லை. அதாவது எந்தக் காசைப் படிக்கக் கையில் எடுக்க வேண்டுமோ, அந்தக் காசை உடைப்பதால் போகும் நஷ்டம்தான் ஒப்பீட்டில் குறைவு. 'சோணாடு கொண்டான்' என்று தமிழில் எழுதிய பாண்டியர் செம்புக் காசு போன்றவற்றுக்குக் காசின் விலையைவிடப் பெட்டிச் செலவு கூடிவிடவும் வாய்ப்புண்டு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்!

ஒருவழிப் பாதை

அமெரிக்கச் சேகரிப்பாளர்களிடம் ஒரு விளையாட்டு உண்டு. 64 வந்த காசை உடைத்து எடுத்துத் திரும்ப அனுப்புவார்கள், 65 வராதா என்று. வராவிட்டால் மறுபடி உடைப்பார்கள். ஒரு எண் கூடினால் விலை பல மடங்கு கூடலாம் என்பதால் இந்தச் சூதாட்டம். பழைய சீட்டைத் திருப்பி அனுப்பாமல் விட்டால் நிறுவனத்தின் கணக்கில் ஒரே காசு இரண்டு மூன்று காசாகப் பதிவாகும். 'இந்த ரகத்தில் இத்தனை காசு இருக்கிறது' என்ற பட்டியலே பொய்யாகிவிடும்.

இதைப் பார்த்து மதுரையில் ஒருவர் அதே விளையாட்டை ஆடினால் வேறு வம்பில் மாட்டுவார். தொல்பொருள் மற்றும் கலைப் புதையல்கள் சட்டம், 1972 என்று ஒன்று இருக்கிறது. நூறு வருடத்துக்குக் குறையாத எந்தக் காசும் அதன்படி தொல்பொருள். அதைத் தனியார் இந்தியாவிலிருந்து வெளியே அனுப்பக் கூடாது. இந்த நூறு வருடம் நகர்ந்துகொண்டே வரும் கோடு. ஐந்தாம் ஜார்ஜின் அங்கியில் இருக்கும் யானை பன்றி மாதிரித் தெரிகிறது என்று சர்ச்சையான 1911ஆம் ஆண்டு ரூபாயும் இன்று கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. வெளிநாட்டில் பெட்டியிலிடப்பட்டு இங்கே வந்த பாண்டியர் காசைத் திறந்துவிட்டால், மறுபடி அடைத்துத் தரச் சொல்லி அதே வெளிநாட்டு நிறுவனத்துக்கு அனுப்பச் சட்டத்தில் இடமில்லை. உடைப்பது இங்கே ஒருவழிப் பாதை. (பூமியில் புதிதாகக் கிடைக்கும் காசு என்றால் 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி அது மாவட்ட ஆட்சியரிடம் போக வேண்டிய விஷயம். அதைப் பெட்டியில் போடுவதா வேண்டாமா என்ற பேச்சுக்கே இடமில்லை.)

எனவே கேட்க வேண்டிய முதல் கேள்வி 'எப்படி உடைப்பது' இல்லை. 'எதற்கு உடைப்பது?' எண்ணைக் கூட்டுவதற்கு என்றால் வேண்டாம். காசு அரிக்கிறது என்றால் உடனே செய்ய வேண்டும். எடை, விளிம்பு, எழுத்து பார்க்க என்றால், அது பழங்காசாக இருந்தால், தாராளமாகச் செய்யலாம்.

பத்திரமாக எடுக்கும் முறை

சுத்தியலை எடுத்து 'டமார்' என்று ஒரு போடு போடுவது பார்க்க வீரமாக இருக்கும். காசுக்கு அது எமன். மண்ணில் நெடுங்காலம் கிடந்த வெள்ளிக் காசு உள்ளுக்குள் படிகமாகி அப்பளம் மாதிரி நொறுங்கும் நிலையில் இருக்கலாம். செம்புக் காசில் பச்சைக் கவசம் பட்டை பட்டையாகப் பெயரலாம். அதனால் பொறுமைதான் முதல் கருவி.

1. முதலில் பெட்டியை இரண்டு பக்கமும் தெளிவாகப் படம் எடுக்க வேண்டும். வரிசை எண் படத்தில் படிக்கும்படி இருக்க வேண்டும். உடைந்த பிறகு காசுக்கு இருக்கும் ஒரே பிறப்புச் சான்றிதழ் இதுதான்.

2. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கைக்குத் தடித்த உறை. உடையும் பிளாஸ்டிக் சில்லு கண்ணாடிச் சில்லு மாதிரி பறக்கும். குழந்தைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது.

3. மேஜை மேல் வேண்டாம். தரையில் தடித்த துண்டை இரண்டு மூன்று மடிப்பாக விரித்து அதன் மேல் செய்ய வேண்டும். காசு நழுவினாலும் ஒரு சாண் உயரத்திலிருந்து துணி மேல்தான் விழும்.

4. காசு இருப்பது பெட்டியின் ஒரு பாதியில், சீட்டு இருப்பது மறு பாதியில். வேலை முழுக்கச் சீட்டுப் பக்கமே தொடங்க வேண்டும். நல்ல கட்டிங் பிளேயரால் சீட்டுப் பக்க மூலைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்து எடுத்தால் ஒட்டு விடத் தொடங்கும்.

5. ஒட்டு விட்ட இடத்தில் தட்டை முனை ஸ்க்ரூடிரைவரைச் சொருகித் திருக வேண்டும். நெம்பக் கூடாது. நெம்பினால் முனை வழுக்கி நேராகக் காசின் முகத்தில் போய் நிற்கும். முனை எப்போதும் காசுக்கு எதிர்த் திசையைப் பார்த்தே இருக்க வேண்டும். விரிசல் காசுப் பக்கம் ஓடினால் நிறுத்திவிட்டு வேறு மூலையிலிருந்து தொடங்க வேண்டும்.

6. இரண்டு பாதியும் பிரிந்ததும் காசு ஒரு மெத்தென்ற வளையத்துக்குள் இருக்கும். காசின் முகத்தில் கட்டைவிரலால் அழுத்தித் தள்ளக் கூடாது. வளையத்தை லேசாக வளைத்தால் காசு தானே துணியில் விழும். பிறகு விளிம்பை மட்டும் பிடித்து எடுக்கலாம்.

7. மேலே பிளாஸ்டிக் தூசி இருந்தால் துடைக்கக் கூடாது, கீறிவிடும். வாயால் ஊதவும் கூடாது, எச்சில் துளி பட்ட இடம் பின்னால் கறையாகும். கேமரா லென்ஸ் சுத்தம் செய்யும் ரப்பர் ஊதுகுழல் போதும்.

சூடு காட்டி இளக்குவது, ரம்பத்தால் அறுப்பது, அசிட்டோன் ஊற்றிப் பிளாஸ்டிக்கைக் கரைப்பது எல்லாம் விஷப் பரீட்சை. கரைந்த பிளாஸ்டிக் காசின் மேலேயே படியும். முதல் முறை செய்பவர் விலை மலிவான காசுள்ள ஒரு பெட்டியில் கை பழகிவிட்டு வருவது நல்லது. அந்தப் பயமும் வேண்டாம் என்றால், அசட்டுத் தைரியத்தைவிட, அனுபவம் உள்ள ஒருவரிடம் கொடுப்பது கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

எடுத்த பிறகுதான் ஆபத்து

உண்மையில் காசுகள் அதிகம் கெடுவது பெட்டியை உடைக்கும்போது இல்லை, உடைத்த பிறகு. பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளி, வெள்ளிச் சாமானுக்கு விபூதி என்று தேய்த்துப் பழகிய கைகள் சும்மா இருப்பதில்லை. 'கறுத்துப் போயிருக்கே, கொஞ்சம் பளபளன்னு ஆக்குவோம்' என்று ஆரம்பித்தால் அதோடு கதை முடிந்தது. இரண்டாயிரம் வருடம் வைகை செய்யாத சேதத்தை ஒரு எலுமிச்சம்பழம் ஐந்து நிமிடத்தில் செய்துவிடும். தேய்த்த காசை எந்த நிபுணரும் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவார். விலையும் பாதாளத்துக்குப் போகும், எழுத்தும் போகும்.

எடை பார்க்கத் தெற்காவணி மூல வீதிக்குப் போனால் மில்லிகிராம் காட்டும் தராசு உண்டு. ஆனால் ஒரு எச்சரிக்கை. நகைக்கடைக்காரரின் கை பழக்கதோஷத்தில் உரைகல்லைத் தேடும்! 'எடை மட்டும் போதும், உரச வேண்டாம்' என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிரிட்டிஷ் இந்திய ரூபாய் என்றால் 11.66 கிராம் பக்கத்தில் இருக்க வேண்டும். வெள்ளி முத்திரைக் காசு சுமார் 3.4 கிராமில் தொடங்கித் தேய்ந்தது. காட்டிய எடையைத் தேதியோடு எழுதி வைத்தால் அடுத்து யார் கைக்குப் போனாலும் அது பயன்படும்.

பிறகு எங்கே வைப்பது? கடையில் கிடைக்கும் வழவழப்பான மெல்லிய பி.வி.சி. உறை வேண்டாம். வெயில் காலத்தில் அது கசிந்து காசில் பச்சைப் பிசினாக ஒட்டும். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினால் அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுப்பாக்கும். மைலார் உறை நல்லது. கூடவே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம், உடைத்த பெட்டியின் சீட்டு, எடுத்த படங்கள். வெளிர்பச்சைப் பொடி பூத்த காசைத் தனியாக உலர்ந்த டப்பாவில் வைத்து, அருங்காட்சியகத்தில் உலோகப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் காட்ட வேண்டும். பக்கத்துக் காசோடு சேர்த்து வைக்கவே கூடாது. வீட்டு வைத்தியமும் கூடாது.

கடைசியாக

பெட்டியைக் கும்பிடுகிறவர்களும் சரி, சுத்தியலைத் தூக்குகிறவர்களும் சரி, செய்யும் தவறு ஒன்றுதான். இருவருமே காசைப் பார்ப்பதில்லை. ஒருவர் எண்ணைப் பார்க்கிறார், மற்றவர் அடுத்து வரப்போகும் எண்ணைப் பார்க்கிறார்.

மீன் பொறித்த ஒரு செம்புத் துண்டு எத்தனையோ கை மாறித் தேய்ந்துதான் இன்றைய கைக்கு வந்திருக்கிறது. அந்தத் தேய்மானத்தில் மதுரைச் சந்தையின் கணக்கு இருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தவர் பத்திரமாகத் திறந்து, நிறுத்து, எழுதி வைத்து, பத்திரமாக மூடி வைக்கட்டும். படிக்கும் எண்ணமோ காப்பாற்றும் அவசரமோ இல்லாதவர் தயவுசெய்து பெட்டியை அப்படியே விட்டுவிடட்டும். பின்னால் படிக்கத் தெரிந்த ஒரு பேரனோ பேத்தியோ வரும்போது, காசாவது மிச்சம் இருக்கும்.